ஊர் எல்லையில் ஒரு வீடு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசையைப் பற்றிப் பேசுவதும் உண்டு. இன்னும் சிறிது நேரத்தில் நம் குழந்தைகளின் நாட்டியமும் நாடகமும் தொடங்க இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் கடனையும் பத்திரத்தையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று எவரும் முகம் சுளிக்கலாகாது. "நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய பொருள் ஒன்றை எடுத்துப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஊழியர் பிரிவில் முன்பணக் கோப்புகளைப் பல ஆண்டுகளாக எழுதி வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பொருள் இஃதொன்றுதான். ஆகவே வீடு கட்ட அரசாங்கம் தரும் கடனைப் பற்றி, அதிலும் நகரத்தின் எல்லைக்கு அப்பால் கிராமப் பகுதியில் வீடு கட்ட எண்ணுவோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

அன்பர்களே! வடக்கும் தெற்கும், கிழக்கும் மேற்கும் செல்லும் இருப்புப் பாதைகள் வந்து கூடும் இந்த நாகபுரியில் நாம் பிழைக்க வந்தோம். காலனியில் நமக்கு வீடு கிடைத்தது. வாசலில் கோலம் போட்டோம். கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தோம். பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். எனினும் அந்த வீடு நம்முடையதன்று. அறுபது வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளோடு பணி முடிகிறது. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுவது சில மாதங்களே. அதற்குள் சாமான்களைக் கட்டியாக வேண்டும். எங்கே கொண்டுபோய் இறக்குவது என்ற கேள்விக்கு விடை இல்லாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உள்ளன. சொந்த ஊரில் இருந்த பாகம் அண்ணன் தம்பிமாருக்குள் பிரிந்துபோயிருக்கும். இந்த ஊரிலோ வேரூன்ற ஓர் அடி நிலமும் இராது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சன்று.

நகரத்துக்குள்ளே மனை வாங்குவது மாதச் சம்பளக்காரனுக்கு எட்டாக் கனியாகிவிட்டது. ஆகவே நம்மவர்களின் கண் இன்று காம்ப்டி, ஹிங்கணா, புட்டிபோரி ஆகிய ஊர்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆரஞ்சுத் தோட்டமும் பருத்தி வயலுமாக இருந்த இடங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டு மனை பிரிக்கிறார்கள். இந்த இடங்களின் தன்மை விசித்திரமானது. பஸ் வருகிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, காலையில் புறப்பட்டால் வேலைக்கு வந்துவிடலாம். ஆனால் வரி கட்டுவது கிராமப் பஞ்சாயத்தில்; காகிதத்தில் அது கிராமம். வாழ்க்கையில் நகரமாகவும் தஸ்தாவேஜில் கிராமமாகவும் இருக்கும் இந்த இடங்களுக்கு அரசாங்கக் கடன் எவ்வாறு கிடைக்கும் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் ஏற்பட்டதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலும் இது உண்டு. அங்கே 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் வழியே வேளாண்மைத் துறையானது கிராமப்புற வீட்டுக் கடன்களுக்குத் துணை நிற்கிறது. வேளாண்மைத் துறைக்கும் வீட்டுக் கடனுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பாக இருக்கலாம். கிராம மக்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கியதால், அந்தத் துறை அவர்களுக்கு ஜாமீன் நிற்க முன்வந்தது. பணம் கொடுப்பது வங்கி. கடன் திரும்பாமல் வங்கிக்கு நஷ்டம் நேர்ந்தால், கடன் தொகையில் 90 சதவீதம் வரையில் ஈடு செய்ய அரசாங்கம் பொறுப்பேற்கிறது. அதனால் வாங்குபவர் கையிலிருந்து முன்தொகை ஏதும் போடாமலே முழு விலைக்கும் கடன் பெற முடிகிறது. ஆனால் குடும்ப வருமானம் அந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு இருக்கும் இடமும் கிராமப் பகுதி என்று துறையின் வரைபடத்தில் காட்டப்பட்டிருக்க வேண்டும். பெரிய நகரங்களை அடுத்துள்ள கவுண்டிகளில் சாலையின் ஒரு பக்கம் கிராமமாகவும் மறு பக்கம் நகரமாகவும் அந்த வரைபடத்தில் இருப்பதுண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்தவருக்குக் கடன் உண்டு. இந்தப் பக்கம் பார்த்தவருக்கு இல்லை.

அங்கே கிராமம் என்ற பெயர் கடனுக்குக் கதவைத் திறக்கிறது. நமக்குரிய விதியிலோ அதே பெயர் கடனில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. அது எவ்வாறு என்பதையும், அதற்குப் பரிகாரம் அதே விதியில் இருப்பதையும் கூறுமுன், நம் கடனின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வீடு கட்டும் முன்பணம் அளிக்கும் திட்டம் 1956ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின்னர், 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இதன் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ரயில்வே ஊழியர்களுக்கும் இவை பொருந்தும். நிரந்தர ஊழியர் எவரும் விண்ணப்பிக்கலாம்; தற்காலிக ஊழியராயின் 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டலாம்; மனை வாங்கிக் கட்டலாம்; வீட்டுவசதி வாரியத்திடமிருந்தோ பதிவு பெற்ற கட்டுநரிடமிருந்தோ புதிய வீட்டை வாங்கலாம்; உள்ள வீட்டை விரிவு செய்யலாம். மனை கணவன் பெயரிலோ மனைவி பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்கலாம். பணிக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் இந்த முன்பணம் கிடைக்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

எவ்வளவு கிடைக்கும்? புது வீட்டுக்கு, அடிப்படைச் சம்பளத்தின் 34 மடங்கு, அல்லது 25 லட்சம் ரூபாய், அல்லது வீட்டின் விலை, அல்லது திருப்பிக் கட்டும் சக்திக்கேற்ற தொகை, இவற்றுள் எது குறைவோ அது. விரிவு செய்வதாயின் உச்ச வரம்பு 10 லட்சம். கணவனும் மனைவியும் மத்திய அரசு ஊழியராயின் இருவருமே தனித்தனியாகவோ சேர்ந்தோ பெறலாம். வட்டி வீதத்தை அரசாங்கம் அவ்வப்போது அறிவிக்கும். 2017இல் அது 8.5 சதவீதம், 2022-23இல் 7.1 சதவீதம்.

இந்தக் கடனின் பெருமை அதைத் திருப்பிச் செலுத்தும் முறையில் இருக்கிறது. முதல் 15 ஆண்டுகள், அதாவது 180 தவணைகள் வரையில், அசலை மட்டும் செலுத்துகிறோம். அதற்குப் பின் 5 ஆண்டுகள், அதாவது 60 தவணைகள் வரையில், வட்டியைச் செலுத்துகிறோம். வட்டி தனி வட்டி. குறைந்து வரும் அசலின் மீதே கணக்கிடப்படும். வட்டிக்கு வட்டி என்பது இல்லை.

ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். தாய்மார்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 53,600 ரூபாய். அதன் 34 மடங்கு 18,22,400 ரூபாய். அவர் 18 லட்சம் ரூபாய் பெறுகிறார் என்போம். மாதம் 10,000 ரூபாய் வீதம் 180 மாதங்களில் அசல் தீர்ந்துவிடும். வட்டி ஏழரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மொத்த வட்டி ஏறத்தாழ 10,18,000 ரூபாய். அதை 60 தவணையாக்கினால் மாதம் சுமார் 17,000 ரூபாய். இதே 18 லட்சத்தை இதே ஏழரை சதவீதத்துக்கு வங்கியில் 20 ஆண்டுத் தவணையில் பெற்றால், மாதத் தவணை சுமார் 14,500 ரூபாய். மொத்த வட்டி சுமார் 16,80,000 ரூபாய். ஆக, ஆறரை லட்சத்துக்கு மேல் மிச்சம். பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவும் கல்லூரிச் செலவும் வந்து நெருக்கும் ஆண்டுகளில் தவணை குறைவாகவும், சம்பளம் உயர்ந்த பின் தவணை அதிகமாகவும் இருப்பது மற்றொரு நன்மை.

ஆனால் அந்தக் கடைசி ஐந்தாண்டுகளின் பாரத்தை மறந்துவிடக் கூடாது. முழு இருபது ஆண்டுத் தவணை வேண்டுமாயின் நாற்பது வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐம்பது வயதில் விழித்துக்கொண்டவருக்கு மீதமுள்ள பத்தாண்டுகளுக்கேற்பத் தொகை கணக்கிடப்படும். பணிக்கொடையில் பெரும்பகுதியையும் அதற்கு ஈடு காட்ட நேரிடும். ஓய்வு பெறும் நாளில் கைக்கு வரவேண்டிய பணிக்கொடை கடனுக்கே போய்விட்டால், மகளின் திருமணத்துக்கு எங்கே போவது? 2004ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்குப் பின் பணியில் சேர்ந்த தம்பிமார்களுக்கு, நம் மூத்தவர்கள் வீடு கட்டும்போது கைகொடுத்த பழைய வருங்கால வைப்பு நிதி என்னும் துணையும் இல்லை. ஆகவே அவர்கள் இன்னும் முன்கூட்டியே சிந்திக்க வேண்டும்.

இனி, கிராமம் என்ற பெயரால் வரும் குறைவைக் கூறுகிறேன். கிராமப் பகுதியில் வீடு கட்டினால், நிலத்தின் விலையும் கட்டுமானச் செலவும் சேர்ந்த உண்மையான செலவில் 80 சதவீதம் மட்டுமே முன்பணமாகக் கிடைக்கும் என்பது விதி. இதைக் கேட்டவுடன் பலர் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் அந்த விதியின் அடுத்த வரியிலேயே ஒரு விலக்கு உள்ளது. அந்தக் கிராமப் பகுதி ஒரு பட்டணத்தின் அல்லது நகரத்தின் சுற்றெல்லைக்குள் அமைந்தது என்று துறைத் தலைவர் சான்றளித்தால், 80 சதவீதம் என்ற வரம்பு தளர்த்தப்பட்டு, 100 சதவீதம் வரையில் அனுமதிக்கலாம் என்பதே அது.

இந்த ஒரு வரியின் மதிப்பைப் பாருங்கள். மேலே சொன்ன அதே ஊழியர், நிலமும் கட்டடமும் சேர்ந்து 18 லட்சம் ரூபாய் அடங்கலில், ஹிங்கணாப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிறு வீடு கட்டுகிறார் என்போம். 80 சதவீதம் என்றால் அவருக்குக் கிடைப்பது 14,40,000 ரூபாய். குறைவது 3,60,000 ரூபாய். அந்தத் தொகைக்கு அவர் எங்கே போவார்? மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். அதுவும் போதாவிட்டால் காலனி வாசலில் வட்டிக்கு விடுபவரிடம் போவார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால், மாதா மாதம் 7,200 ரூபாய் வட்டியாக மட்டும் போகும்; அசல் அப்படியே நிற்கும். அரசாங்கத்துக்குச் செலுத்தும் தவணை பத்தாயிரம், வட்டிக்காரருக்கு ஏழாயிரம் என்று இரு பக்கமும் இழுபட்டு, பூச்சு வேலை முடியாத வீட்டில் சாக்குத் திரை தொங்கவிட்டுக் குடியிருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்று ஒன்று இருந்திருந்தால் இந்த அவதி நேர்ந்திராது. சான்றைக் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். கேளாதவருக்குத் தாமாக எவரும் எழுதித் தருவதில்லை.

எப்படிக் கேட்பது? விண்ணப்பத்தோடு தனியாக ஒரு மனு எழுதுங்கள். கிராமத்தின் பெயர், தாலுகா, மாநகராட்சி எல்லையிலிருந்து தூரம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நாகபுரியைச் சூழ்ந்துள்ள எழுநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள், 2017ஆம் ஆண்டில் ஏற்பட்ட நாகபுரி பெருநகரப் பகுதி வளர்ச்சி ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. உங்கள் கிராமம் அவற்றுள் ஒன்றாயின், அதுவே நகரத்தின் சுற்றெல்லைக்குள் இருப்பதற்கு நல்ல ஆதாரம். வரைபடத்தின் நகலில் மனையைக் குறித்து இணைத்துவிடுங்கள். சான்றளிப்பது துறைத் தலைவரின் விருப்பத்துக்கு உட்பட்டதே. எனினும் ஆதாரத்தோடு வந்த மனுவை எவரும் எளிதில் தள்ளிவிட மாட்டார்.

கடன் ஒரு புறம் இருக்க, நிலம் ஒன்று இருக்கிறதல்லவா? அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இந்தக் கடனுக்காக வீட்டையும் மனையையும் பாரதக் குடியரசுத் தலைவரின் பெயருக்கு ஈடு எழுதிக் கொடுக்க வேண்டும். குடியரசுத் தலைவருக்கு ஈடு எழுதும் நிலத்தில் வில்லங்கம் இருக்கலாமா? நம் காலனியில் இருந்த ஓர் அன்பர், பாதை பழுது பார்க்கும் பிரிவில் முப்பதாண்டு உழைத்தவர், நகரத்துக்கு வெளியே வயலில் பிரித்த மனை ஒன்றை வெறும் முத்திரைத் தாள் ஒப்பந்தத்தின் பேரில் வாங்கினார். விற்றவர் நல்லவர், ஏமாற்றும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆனால் நிலம் விவசாய நிலமாகவே பதிவில் இருந்தது, கிரயம் பதிவாகவில்லை. ஈடு எழுத வழியில்லாததால் முன்பணம் மறுக்கப்பட்டது. அவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியார் இன்று வாடகை அறை ஒன்றில் இருக்கிறார். மனை மட்டும் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்த அம்மையாரிடம் அந்த முத்திரைத் தாள் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே நிலம் வாங்குமுன் சிலவற்றைக் கட்டாயம் பாருங்கள். முதலாவதாக, சாத்-பாரா என்று இங்கே வழங்கும் நில உரிமை நகல். விற்பவர் பெயர் அதில் உள்ளதா, கூட்டுப் பங்காளிகள் எவரேனும் உள்ளனரா, வங்கிக் கடன் ஏதும் குறிக்கப்பட்டுள்ளதா என்று படிக்க வேண்டும். வர்க்கம்-2 என்று குறித்த நிலமாயின் அரசாங்க அனுமதியின்றி அதை விற்க முடியாது. அதை நெருங்கவே வேண்டாம். மராட்டியில் இருப்பதால் நமக்கு விளங்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடலாகாது. நம் பிள்ளைகள் பள்ளியில் மராட்டி படிக்கிறார்கள்; அவர்களை அருகில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, நிலம் விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு மாற்றப்பட்டுள்ளதா என்று பாருங்கள். என்.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அனுமதி பெறாமல் பிரித்த பழைய மனைகளை 2001ஆம் ஆண்டின் குண்டேவாரிச் சட்டப்படி ஒழுங்குபடுத்தி ஆர்.எல். என்னும் கடிதம் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். தரகர் "ஆர்.எல். வந்துவிடும்" என்று சொன்னால், "வந்த பிறகு வாங்குகிறேன்" என்று சொல்லுங்கள். மூன்றாவதாக, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்கும் புதிய மனைப் பிரிவுகள், 2016ஆம் ஆண்டின் மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி ரெரா பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான்காவதாக, ஒரு நல்ல வழக்கறிஞரைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பதாண்டுப் பதிவுகளைத் தேடி அறிக்கை வாங்குங்கள். லட்சக்கணக்கில் செலவிடும்போது அதற்காகச் சில ஆயிரம் செலவிடத் தயங்கலாகாது.

ஓய்வுக்குப் பின் குடியேற எண்ணும் ஊரிலும் இந்த முன்பணத்தால் வீடு கட்டலாம். ஆகவே சொந்த ஊர்ப் பக்கம் திரும்ப விரும்புவோருக்கும் ஒரு சொல். அங்கே பட்டாவும் வில்லங்கச் சான்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைப் பிரிவுகளைப் பற்றி 2016ஆம் ஆண்டிலிருந்து கண்டிப்பான விதிகள் உள்ளன. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இல்லாத மனையைச் சொந்தக்காரர் சொன்னார் என்பதற்காக வாங்கிவிட வேண்டாம். தஞ்சையானாலும் நெல்லையானாலும் ஒரு முறையாவது நேரில் சென்று, நான்கு எல்லைக் கல்லையும் கண்ணால் பார்த்து வாருங்கள்.

நிலம் வாங்குமுன் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும் கடமை. 1966ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி, தன் பெயரிலோ குடும்பத்தினர் பெயரிலோ அசையாச் சொத்து வாங்குவதை உரிய அதிகாரிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் வாங்கிவிட்டு அதன்மேல் முன்பணம் கேட்பது, கடன் கேட்கப் போய்க் குற்றச்சாட்டுக் கடிதம் வாங்கி வருவதில் முடியும்.

பணம் முழுவதும் ஒரே நாளில் கைக்கு வராது. சொந்த மனையில் ஒரு மாடி வீடு கட்டுவோருக்கு, ஈட்டுப் பத்திரம் எழுதியவுடன் பாதித் தொகை. கட்டடம் அடித்தள மட்டத்துக்கு, அதாவது கொத்தனார் பேஸ்மெண்ட் என்று சொல்லும் மட்டத்துக்கு, எழும்பியவுடன் மறு பாதி. ஆகவே முதல் பாதியை அஸ்திவாரத்துக்கு மேல் வேறு எதற்கும் செலவிடலாகாது. வீடு முடிந்தவுடன் தீ, வெள்ளம், மின்னல் ஆகியவற்றுக்கு எதிராக முன்பணத் தொகைக்குக் குறையாமல் காப்பீடு செய்து, கடன் தீரும் வரையில் புதுப்பித்து வர வேண்டும். முன்பணம் போதாமல் போனால், உரிய அனுமதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் இரண்டாம் ஈடு வைத்து மிச்சத்தைப் பெறலாம். வட்டிக்காரர் வீட்டு வாசலை மிதிக்குமுன் இந்த வழியையும் நினைவில் கொள்ளுங்கள். நிதி இருப்பைப் பொறுத்தே முன்பணம் அனுமதிக்கப்படுமாதலால், விண்ணப்பித்த மறு வாரமே பணம் வரும் என்று நம்பிக் கொத்தனாருக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இங்கே அமர்ந்திருப்போர் அனைவரும் ரயில்வே ஊழியர் அல்லர். சிற்றுண்டிக் கடை நடத்துவோர், தனியார் பள்ளியில் பாடம் சொல்வோர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரும் நம் சங்கத்தின் அங்கத்தினரே. அவர்களுக்கும் வழி உண்டு. பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் பகுதி, 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் முதல் ஐந்தாண்டுகளுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத, நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்கள் இதன்கீழ் வட்டி மானியம் கேட்கலாம். வீட்டின் விலை 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தம் 1,80,000 ரூபாய் வரையில், ஐந்து ஆண்டுத் தவணைகளில், கடன் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். பெயர் நகர்ப்புறத் திட்டமாயினும், நகர வளர்ச்சி ஆணையத்தின் அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள் வரும் இடங்களும் இதில் அடங்கும். இங்கும் அதே கேள்விதான்: உங்கள் மனை எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். உண்மையான கிராமத்தில் ஓலைக் குடிசையிலோ மண் வீட்டிலோ வாழும் ஏழைகளுக்கு 2016இல் தொடங்கிய கிராமத் திட்டம் தனியே உண்டு. அது சமவெளியில் 1,20,000 ரூபாய் நேரடி உதவி அளிக்கிறது. கிராம சபையின் வழியே பயனாளிகள் தேர்ந்தெடுக்கப்படுவர். ஊரில் உள்ள உங்கள் உறவினருக்கு இதைத் தெரிவியுங்கள்.

தாய்மார்களே! உங்களுக்கென்று ஒரு விண்ணப்பம். கடன் பெறுவதும் கையெழுத்திடுவதும் ஆண்களின் காரியம் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். ஓடும் வண்டியோடும் தண்டவாளத்தோடும் உறவாடும் உத்தியோகம் நம்முடையது. எதிர்பாராதது நேர்ந்தால் நிலுவைக் கடன் பணிக்கொடையிலிருந்து பிடிக்கப்படும். மிச்சத்தைப் பெறவும், ஈட்டை மீட்டுப் பத்திரத்தை வாங்கவும் அலைய வேண்டியவர் நீங்களே. ஒரு தகரப் பெட்டியில் கிரயப் பத்திரத்தின் நகல், சாத்-பாரா, முன்பண உத்தரவு, ஈட்டுப் பத்திரத்தின் நகல், காப்பீட்டு ரசீது, மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை வரிசையாக அடுக்கி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அந்தப் பெட்டியையும் திறந்து பாருங்கள். மனையை இருவர் பெயரிலும் பதிவு செய்யும்படி கேட்பது பேராசையன்று. விதியே அதற்கு இடம் தருகிறது.

இறுதியாக, சங்கத்தின் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், மனை வாங்க இருப்போர் தம் காகிதங்களைக் கொண்டுவந்து காட்ட ஓர் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். மராட்டி நன்கு அறிந்தவர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர், சட்டம் படித்த நம் இளைஞர் ஒருவர் என்று மூவர் போதும். முன்பணம் வழங்குவது அரசாங்கத்தின் பொறுப்பு. சான்று கேட்டு மனு எழுதுவதற்கும் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதற்கும் ஒருவருக்கொருவர் துணை நிற்பது நம் பொறுப்பு. அந்த மேசையில் மனு எழுதும் வேலைக்கு அடியேன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் அச்சுறுத்தினார்கள். அவர்கள் காலத்தில் துணைக்கு இவ்வளவு விதிகள் இல்லை. நமக்கு இருக்கின்றன. அவற்றை அறிந்து, காலத்தே கேட்டுப் பெற்று, ஒவ்வொரு குடும்பமும் சொந்தக் கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை வேண்டி, குழந்தைகளின் நாட்டியத்துக்கு மேடையை விட்டு இறங்குகிறேன்.